கிளையாக மாறிய கோடு

கண்ணாடி வெட்டிப் பழகத் தொடங்கிய பிறகுதான் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் ஆன டிஃபனி விளக்குகளில், துண்டுகளை இணைத்து ஓடும் கறுத்த உலோகக் கோடுகளை நான் ஊன்றிப் பார்த்தேன். சிறு சக்கரம் பொருத்திய வெட்டுக் கருவியால் கீறினால், கண்ணாடி நேர்க்கோட்டிலும் வெளிவளைவிலும் சொன்னபடி பிளக்கும். ஆழமான உள்வளைவு வந்தால் கீறலை மதிக்காமல் குறுக்கே விரிந்துவிடும். இலையொன்றின் உட்குழிவை ஒரே துண்டாக வெட்ட முயன்று மூன்று துண்டுகளை உடைத்த பின், அங்கே இன்னொரு கோடு போட்டே ஆக வேண்டும் என்பது புரிந்தது. பூவும் கொடியும் இந்தக் கலைக்கு ஏன் இவ்வளவு பொருந்துகின்றன என்பதற்கு, என் பார்வையில், இதுவே முதற்காரணம்: வெட்டுக்காகப் போட நேர்ந்த கோடு அங்கே காம்பாகவும் கிளையாகவும் மாறிவிடுகிறது.

1901 வாக்கில் நியூயார்க்கில் உருவான, விஸ்டீரியா என்ற பூங்கொடியின் வடிவிலான டிஃபனி விளக்கு இதற்கு நல்ல சான்று. உச்சியில் வெண்கலக் கிளைகள் பின்னிக் கிடக்க, அவற்றிலிருந்து நீலமும் ஊதாவுமான பூங்கொத்துகள் ஒழுங்கற்ற விளிம்பாகத் தொங்குகின்றன. ஏறத்தாழ 2,000 துண்டுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய செப்புத் தகட்டைச் சுற்றி, பிறகு பற்றவைத்து இணைத்திருக்கிறார்கள். தடித்த ஈயச் சட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் இத்தனை சிறிய இதழ்களை வளைந்த கூட்டில் அமைத்திருக்க முடியாது. இதை வடிவமைத்தவர் லூயி கம்ஃபர்ட் டிஃபனி அல்லர்; அவருடைய நிறுவனத்தில் பெண்களின் கண்ணாடி வெட்டும் பிரிவுக்குத் தலைமை வகித்த கிளாரா டிரிஸ்கால். திருமணமானால் பெண்கள் வேலையை விட்டு விலக வேண்டும் என்பது அங்கிருந்த விதி. குடும்பத்தாருக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஒரு நூற்றாண்டு கழித்து ஆய்வாளர்கள் கண்ணில் பட்டிராவிட்டால், இது அவருடைய வடிவமைப்பு என்பது இன்றும் நமக்குத் தெரிந்திருக்காது.

ஐரோப்பாவின் பழைய தேவாலய ஜன்னல்களில் முகத்தையும் ஆடை மடிப்பையும் கண்ணாடியின் மேல் தீட்டிச் சூளையில் சுட்டார்கள். அமெரிக்க ஓவியர் ஜான் லா ஃபார்ஜ் 1880இல் காப்புரிமை பெற்ற, பால்போன்ற மங்கலில் நிறங்கள் கலந்தோடும் கண்ணாடியும், டிஃபனியின் உலைகளும் அந்த வேலையில் பெரும்பகுதியைக் கண்ணாடிக்குள்ளேயே கொண்டுவந்தன. கண்ணாடி இளகியிருக்கும்போதே இடுக்கியால் இழுத்து மடித்துவிட்டால், மக்னோலியா பூவிதழின் தடிப்பும் சுருக்கமும் தூரிகை படாமலே கிடைத்துவிடும். தொலைவிலுள்ள மலைக்கு மங்கல் வேண்டுமானால், பின்னால் இன்னொரு கண்ணாடியை அடுக்குவார்கள்.

ஆகவே வேலையின் பெரும்பகுதி, பொருத்தமான இடத்தைத் தேடுவதுதான். ஒரே கண்ணாடித் தகட்டில் ஓரம் மஞ்சளாக, நடு பாசிப்பச்சையாக, மூலையில் பழுப்புத் திட்டாக இருக்கும். அட்டையில் வெட்டிய இலை வடிவத்தை அதன் மேல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நரம்பு ஓடும் திசை அமையும் வரை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். என்னுடைய இலைக்கு அந்த இடம் கிடைக்க அரை மணி நேரமாயிற்று. வெட்டி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.