திங்கட்கிழமைத் தட்டுகள்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் நான்கு மாதம் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டினேன். டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதியை ஊற்றினால் பாக்டீரியாப் படலம் சில தட்டுகளில் வழித்தெடுத்ததுபோல் போய்விடும். சில தட்டுகளில் அசையவே அசையாது. ஏன்?

பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பிசின்போல ஒன்றை உண்டாக்கி, கூட்டமாக வாழ்வதைத்தான் பயோஃபிலிம் என்கிறோம். அந்தப் பிசினில் சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் உண்டு, டிஎன்ஏவும் உண்டு. செல்லுக்கு வெளியே கிடக்கும் டிஎன்ஏ செத்துப்போன செல்களின் மிச்சம்தானே என்றுதான் தோன்றும். 2002இல் விட்சர்ச் குழுவினர் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவின் படலத்தில் டிஎன்ஏஸ்-1ஐச் செலுத்தினார்கள். படலம் கரைந்துவிட்டது. மிச்சம் என்று ஒதுக்கக்கூடியதுதான் கூட்டத்தையே இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. என் ஆய்வும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது.

வேலை என்று பார்த்தால் எளிமையானதுதான். 96 குழிகள் கொண்ட தட்டில் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும், நொதி சேர்க்க வேண்டும், கழுவ வேண்டும், கிரிஸ்டல் வயலெட் சாயம் ஏற்ற வேண்டும். ஒட்டிய சாயத்தை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து அளந்தால் எவ்வளவு படலம் மிஞ்சியது என்று தெரிந்துவிடும். கழுவும் கைதான் முக்கியம். கொஞ்சம் வேகமாகக் கழுவினால் நொதி செய்யாததைத் தண்ணீரே செய்துவிடும்.

அதனால் முதலில் என் கையைத்தான் சந்தேகித்தேன். அப்புறம் நொதியை. புதுக் குப்பி திறந்தேன். அப்புறம் கரைசலை. டிஎன்ஏஸ்-1 வேலை செய்ய மக்னீசியமும் கால்சியமும் வேண்டும், எங்கிருந்தாவது ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் துளி கலந்தாலும் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லாக் கரைசலையும் புதிதாகச் செய்தேன். பலன் இல்லை.

ஒரு நாள் மாலை குறிப்பேட்டைத் திறந்து, தோற்ற தட்டுகளின் தேதிகளை மட்டும் தனியாக எழுதிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே திங்கட்கிழமைகள். வார நாட்களில் வைக்கும் தட்டை மறுநாளே எடுத்துவிடுவேன். வெள்ளி மாலை வைத்தால் திங்கள்தான் கைக்கு வரும். ஒன்றின் வயது 24 மணி நேரம், மற்றதன் வயது 60 மணி நேரத்துக்கும் மேல்.

அதே 2002 ஆய்விலேயே இது இருந்தது. 60 மணி நேரம் வரை வளர்ந்த படலங்களை நொதி கரைத்தது, 84 மணி நேரப் படலத்தை அவ்வளவாக அசைக்கவில்லை. அவர்கள் திரவம் ஓடிக்கொண்டே இருக்கும் அறைகளில் வளர்த்தார்கள், நான் அசையாத் தட்டில் வளர்த்தேன், ஆகவே மணிக்கணக்கை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் போக்கு ஒன்றுதான். அந்தக் கட்டுரையை ஆய்வகக் கூட்டத்தில் நானே விளக்கியிருந்தேன். இருந்தும் என் தட்டோடு அதைச் சேர்த்துப் பார்க்க நான்கு மாதம் ஆனது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வருத்தத்தைவிட மகிழ்ச்சிதான் அதிகம் இருந்தது.

அதன் பிறகு ஆய்வின் போக்கே மாறியது. கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் இளம் படலத்தைப் பார்த்தால் பச்சை செல்களுக்கு இடையே, புரோப்பிடியம் அயோடைடு சாயம் ஏற்றிய டிஎன்ஏ சிவப்பு இழைகளாக ஓடுவது தெரியும். முதல் ஆண்டில் அதே படங்களுக்குக் கீழே 'இறந்த செல்கள்' என்று மட்டும் எழுதி நகர்ந்திருக்கிறேன். அந்தச் சாயம் சவ்வு உடைந்த செல்லுக்குள்ளும் போகும், வெளியே கிடக்கும் டிஎன்ஏவிலும் ஒட்டும். வடிவத்தைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

அந்த டிஎன்ஏ எப்படி வெளியே வருகிறது என்பதுதான் எனக்கு இன்றும் பிடித்த பகுதி. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கோல் வடிவ செல் ஒன்று சட்டென்று உருண்டையாகி வெடித்துச் சிதறுவதைப் படம்பிடித்திருந்தார்கள். ஒரு செல் வெடிக்கிறது, அதன் டிஎன்ஏ மற்ற செல்களுக்குப் பிடிமானமாகிறது. அதோடு நிற்பதில்லை. டிஎன்ஏவின் எதிர்மின்னூட்டம் டோப்ராமைசின் போன்ற நேர்மின்னூட்ட மருந்துகளை வழியிலேயே பிடித்துவைக்கும். மக்னீசியத்தையும் இழுத்துக்கொள்வதால் செல்கள் தங்கள் தற்காப்பு மரபணுக்களைத் தூண்டிவிடுகின்றன.

சரி, முதிர்ந்த படலம் ஏன் கரையவில்லை? சர்க்கரைச் சங்கிலிகள் பாரத்தை ஏற்றுக்கொண்டிருக்கலாம், டிஎன்ஏவோடு பிணையும் புரதங்கள் நொதியை நெருங்கவிடாமல் செய்திருக்கலாம். என் ஆய்வேட்டின் கடைசி இரண்டு அத்தியாயங்களும் இதைப் பற்றியவை. இப்போதெல்லாம் தட்டின் மூடியில் தேதியோடு மணியையும் எழுதுகிறேன். வெள்ளி மாலைத் தட்டுகளை வேண்டுமென்றேதான் வைக்கிறேன்.