ராணுவத் தொழிற்சாலை வேலை: விளம்பரம் முதல் போலீஸ் வெரிஃபிகேஷன் வரை

ஐ.டி.ஐ. மெஷினிஸ்ட், அப்புறம் அப்ரண்டிஸ், இரண்டும் முடிந்ததும் டெலிகிராமில் கண்ணில் பட்ட வேலைவாய்ப்பு சேனல்களில் எல்லாம் சேர்ந்தேன். 'பாதுகாப்புத் துறையில் நிரந்தர வேலை, தேர்வு கிடையாது' என்று தினமும் ஏதாவது வரும். திறந்து பார்த்தால் பாதி, தேதி முடிந்த விளம்பரம். மீதியில் ஜிபே நம்பர் கொடுத்து 'பதிவுக் கட்டணம்' கேட்பார்கள்.

இந்தத் துறைக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற தளம் கிடையாது. 2021 அக்டோபர் 1 முதல் 41 ஆர்டினன்ஸ் ஃபேக்டரிகளையும் (ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள்) ஏழு கம்பெனிகளாகப் பிரித்துவிட்டார்கள். ஆவடியில் டேங்க் செய்யும் எச்.வி.எஃப். ஒரு கம்பெனி, அதே ஆவடியில் சீருடை தைக்கும் ஃபேக்டரி வேறு கம்பெனி. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றில், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இன்னொன்றில். ஒவ்வொன்றும் தன் தளத்தில் தனியாக விளம்பரம் போடும். 'கவ்.இன்' என்று முடிந்தால்தான் நம்பு என்பார்கள், ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வுக்கு அது சரி. ஆனால் பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) தளத்தின் முகவரியில் 'கவ்' கிடையாது, அதுவும் அரசு நிறுவனம்தான். அதனால் நான் எம்ப்ளாய்மென்ட் நியூஸ் வார இதழில் விளம்பர எண்ணைப் பார்த்துவிட்டு, அதே எண் நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறதா என்று தேடுவேன். சேனல்காரர்கள் சுருக்கிப் போடுவதை நம்பவே கூடாது. நான் விண்ணப்பித்த வேலையை அவர்கள் 'நிரந்தரம்' என்று எழுதியிருந்தார்கள், நிறுவனத்தின் பி.டி.எஃப்.பில் அது ஒப்பந்த வேலை. முதலில் ஒரு வருடம், பிறகு தேவைப்பட்டால் நீட்டிப்பு.

ஃபார்ம் நிரப்புவதில்தான் உயிர் போனது. 'சர்நேம்' கட்டாயமாம்! நமக்கு ஏது சர்நேம்? ஐ.டி.ஐ. சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுசாக. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே எழுதிவிட்டு, ஆதாரையும் அதற்கேற்ப மாற்றினேன். இன்னொன்று ஜாதிச் சான்று. நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சான்று மத்திய அரசு வேலைக்குச் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற வரியோடு. இ-சேவையில் போட்டு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஒவ்வொரு மேஜையாக நகர்ந்து வருவதற்குள் கடைசித் தேதி நெருங்கிவிடும். விளம்பரம் வருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.டி.ஐ., அப்ரண்டிஸ் மதிப்பெண்ணை வைத்து லிஸ்ட் போட்டு, டிரேட் டெஸ்டுக்கு, அதாவது செய்முறைத் தேர்வுக்கு, கூப்பிட்டார்கள். டிராயிங்கைக் கையில் கொடுத்து, மில்லிங் மெஷினில் கீ-வே (சாவி உட்காரும் பள்ளம்) வெட்டச் சொன்னார்கள். வேலை கஷ்டமில்லை, பழகாத மெஷின் என்பதால் பேக்லாஷ் (கைப்பிடியைத் திருப்பும்போது வரும் தளர்வு) பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. மைக்ரோமீட்டர் படிக்கத் தடுமாறியவர்களைப் பார்த்தேன், அப்ரண்டிஸில் மூலையில் ஒதுங்கியவர்களாக இருக்கும்.

அப்புறம் மெடிக்கல், போலீஸ் வெரிஃபிகேஷனுக்கான அட்டெஸ்டேஷன் ஃபார்ம். கடந்த ஐந்து வருடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கிய முகவரி எல்லாம் அதில் கேட்பார்கள். அப்ரண்டிஸ் காலத்தில் இருந்த மேன்ஷனையும் எழுதினேன். அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனிலிருந்தும் விசாரணை வந்தது; மேன்ஷன் ஓனருக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லி வைத்திருந்தேன், இல்லையென்றால் 'அப்படி யாரும் இல்லை' என்றிருப்பார்.

சேர்ந்துவிட்டேன். ஒப்பந்தம்தானே, அதனால் வார இதழ் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஓ.பி.சி. சான்றையும் புதுசாக எடுக்க விண்ணப்பித்திருக்கிறேன், ஆர்.ஐ. மேஜையில் இருக்கிறது.