கொம்பு முன்னுக்கா, பின்னுக்கா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் பள்ளி நூலகம் என்பது ஒரு வகுப்பறையின் பாதிதான். நான்கு அலுமாரி, ஒரு நீள மேசை, மிச்சத்துக்குப் பாய். தரம் 2, 3 பிள்ளைகள் நூலகப் பாடவேளைக்கு வந்தால் படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்குப் புத்தகத்தைக் கொடுத்து "வாசி" என்றால் என்ன செய்யும்? சரி, எழுத்தைக் கையில் கொடுத்துப் பார்ப்போம் என்று தொடங்கினேன்.

எழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்யும் விளையாட்டு. சோடா மூடி, தண்ணீர்ப் போத்தல் மூடிதான் காய். கூல்பார்களில் சொல்லி வைத்தேன், கல்லடிக் கடற்கரைக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறையப் பொறுக்கினேன், மீதியைப் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். சவர்க்காரத் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்துக் கழுவினால்தான் எறும்பு வராது.

முதலில் மூடியின் மேலேயே மார்க்கரால் எழுதினேன். வியர்வைக் கை பட்டு ஒரு கிழமையில் 'ம' பாதி போய் என்னவோ ஆகிவிட்டது. அப்புறம் பிறிஸ்டல் போட் அட்டையில் பத்து ரூபாய்க் குற்றியை வைத்து வட்டம் கீறி (அதற்குப் 11 பக்கம் என்பதால் வட்டம் கொஞ்சம் கோணல்தான், பரவாயில்லை) வெட்டி, கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒட்டினேன். காசு மிச்சம் என்று எனக்கு ஒரே பெருமை. மார்கழி விடுமுறை முடிந்து பெட்டியைத் திறந்தால் கரப்பான் பூச்சி பசையோடு எழுத்தையும் தின்றிருந்தது, தின்னாதது மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. இப்போது பைண்டர் கம், மேலே செலோடேப். காய்களை மூடி போட்ட ஐஸ்கிறீம் வாளியில் வைக்கிறேன்.

ஆனால் உண்மையான சிக்கல் பசை இல்லை, எண்ணிக்கை. தமிழில் 247 எழுத்து. எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு மூடி என்று 'ஙௌ' வரைக்கும் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் இது யாருக்கு என்று யோசித்தேன். அரவு (ா), ஒற்றைக் கொம்பு (ெ), இரட்டைக் கொம்பு (ே), சங்கிலிக் கொம்பு (ை) நான்கையும் தனி மூடியாக்கிவிட்டால் ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசைகளை மேசையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஔ வரிசைக்கும் ஒற்றைக் கொம்பும் 'ள' மூடியும் போதும். உ, ஊ வரிசைகளை மட்டும் அப்படிப் பிரிக்க முடியாது, 'கு' ஒரு மாதிரி வளையும், 'சு' வேறு மாதிரி இறங்கும், 'து' சுழித்துக்கொண்டு மேலே போகும். இ, ஈ விசிறிகளும் (ி, ீ) எழுத்தோடு ஒட்டியே இருப்பதால் அவற்றையும் முழுதாகவே எழுதினேன். கூட்டிப் பார்த்தால் 125 வகை. அதிலும் ஙி, ஙீ, ஙு, ஙூ வேண்டாம் என்று விட்டேன். 'ஙப் போல் வளை'க்காக ஒரேயொரு 'ங' மட்டும் இருக்கிறது.

எந்த எழுத்தில் எத்தனை மூடி என்பதைப் பிள்ளைகளே தீர்த்தார்கள். ஒரு கதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து எழுத்து எழுத்தாகக் கோடு போட்டு எண்ணினோம். ம், க், து, ல் ஓயாமல் வந்தன, அவற்றில் எட்டெட்டு. சிலவற்றுக்கு ஒன்றே போதும்.

வட்டமான காய் என்பதால் தலைகீழாக வைத்துவிடுவார்கள், அதிலும் 'ப' திரும்பினால் கதை கந்தல். ஒவ்வொரு மூடிக்கும் அடியில் சிவப்புக் கோடு போட்டபின் அந்தச் சண்டை நின்றது.

நான் எதிர்பார்க்காதது கொம்பு விஷயம். 'கொக்கு' செய்யச் சொன்னேன். ஒரு பிள்ளை 'க'வை வைத்து, அதற்குப் பின்னால் கொம்பு, அப்புறம் அரவு என்று வரிசையாக அடுக்கிவிட்டு என்னைப் பார்த்து, "டீச்சர், கொம்பு முன்னுக்கா, பின்னுக்கா?" கேட்டது நியாயம்தானே, வாயில் முதலில் வருவது 'க்'. கொப்பியில் எழுதும்போது இந்தக் கேள்வி வருவதேயில்லை, பார்த்து எழுதிவிடுவார்கள். மூடியைக் கையால் நகர்த்தும்போதுதான் 'கொ'வில் 'க' நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது.

மற்ற விளையாட்டு சுருக்கமானது. நான்கு புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை சீமெந்துத் தரையில் உரைக்க வேண்டும், கை சுடும், பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. தாயம் மாதிரி உருட்டி, எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை கட்டம், நான்கும் கறுப்பென்றால் 8. கட்டங்களில் நூலகப் பகுப்பு எண்கள். 597இல் காய் நின்றால் மீன் புத்தகம், 598 பறவை, 398 நாட்டார் கதை, ஓடிப்போய் அலுமாரியில் எடுத்து வர வேண்டும். எடுத்ததைத் திரும்ப அதே இடத்தில் வைப்பதற்கு இன்னும் விளையாட்டு கண்டுபிடிக்கவில்லை, அதை நான்தான் செய்கிறேன்.

மூடி போதும் என்று சொல்லி ஒரு மாதமாகிறது. நேற்றும் ஒரு பிள்ளை கோயில் திருவிழாவில் பொறுக்கிய ஒரு பை மூடியோடு வந்து நிற்கிறது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, கழுவக் கொண்டுபோனேன்.