சாண்டா ஃபே சிக்கியது, சான் லூயிஸ் தப்பியது

கடற்போர் விளையாட்டுகளைப் பல வருடமாகக் கணினியில் ஆடிக்கொண்டிருக்கிறேன். அதில் ரொம்ப நாள் நான் தப்பாகவே செய்துவந்தது ஹெலிகாப்டரை அனுப்பும் விதம். எங்கோ நீர்மூழ்கி இருப்பதாகத் திரையில் ஒரு குறி விழுந்ததும், ஹெலிகாப்டரைக் கிளப்பி நேராக அந்தப் புள்ளிக்கே விரட்டுவேன். போய்ச் சேர்ந்தால் அங்கே வெறும் கடல்தான்.

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீர்மூழ்கி மணிக்கு 5 கடல் மைல் மட்டும் நகர்கிறது, எந்தத் திசை என்று தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி கழித்துப் போனால் தேட வேண்டிய பரப்பு சுமார் 20 சதுர கடல் மைல். ஒரு மணி கழித்துப் போனால் 78. நேரம் இரண்டு மடங்கு ஆனால் பரப்பு நாலு மடங்கு ஆகிவிடுகிறது! அதனால் இப்போதெல்லாம் நடுப்புள்ளியை விட்டுவிட்டு, அது ஓடி வந்து சேரக்கூடிய விளிம்பில்தான் தேடலைத் தொடங்குகிறேன்.

தேடும் முறையே அழகு. ஹெலிகாப்டர் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே அந்தரத்தில் நின்று, கம்பி வடத்தில் சோனாரை இறக்கி, ஒலி அனுப்பி எதிரொலி வருகிறதா என்று கேட்கும். இல்லையென்றால் சுருட்டி எடுத்துக்கொண்டு சில மைல் தள்ளிப் போய் மறுபடி இறக்கும். கடலில் மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீரும் சந்திக்கும் இடத்தில் ஒலி வளைந்துவிடும், கப்பலின் அடியில் பொருத்திய சோனாருக்கு அதற்குக் கீழே பதுங்கியவன் தெரிவது கடினம், ஆனால் வடத்தில் தொங்கும் சோனாரை அந்த அடுக்குக்கும் கீழே இறக்கிவிடலாம். இரண்டு ஹெலிகாப்டர்கள் இருந்தால் இன்னும் நல்லது: ஒன்று பிடியை விடாமல் கேட்டுக்கொண்டிருக்க, மற்றது இடம் மாறும் அல்லது டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் ஆயுதம்) போடும்.

சரி, நிஜத்தில்? பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போரைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஏப்ரல் 25 காலை, தெற்கு ஜார்ஜியா தீவில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய அர்ஜென்டினாவின் சாண்டா ஃபே நீர்மூழ்கி மேல்மட்டத்திலேயே போய்க்கொண்டிருந்தது. பிரிட்டனின் ஆன்ட்ரிம் போர்க்கப்பலின் பழைய வெசெக்ஸ் ஹெலிகாப்டர், இயன் ஸ்டான்லி ஓட்டியது, அதைக் கண்டது ரேடாரில். சோனாருக்கு வேலையே இல்லை. இரண்டு ஆழ்நீர்க் குண்டுகள் போட்டதும் சாண்டா ஃபேயால் மூழ்க முடியாத நிலை. அப்புறம் லின்க்ஸ், வாஸ்ப் ஹெலிகாப்டர்களும் சேர்ந்துகொண்டன. வாஸ்ப் விட்ட ஏவுகணைகளில் சில, நீர்மூழ்கியின் மேற்கோபுரம் கண்ணாடியிழையால் ஆனது என்பதால், வெடிக்காமலே ஊடுருவிப் போயின. அது தடுமாறிக் கரைக்கே திரும்பிச் சரணடைந்தது. மூன்று நாள் முன்னால்தான் அதே வெசெக்ஸ் பனியாற்றில் சிக்கிய வீரர்களைப் புயலுக்குள் போய் மீட்டுவந்திருந்தது. அந்த ஒரு ஹெலிகாப்டரின் ஒரு வார வேலை எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

ஆனால் அர்ஜென்டினாவின் இன்னொரு நீர்மூழ்கியான சான் லூயிஸ் கதை வேறு. சிறிய டீசல் நீர்மூழ்கி, இலக்கைக் கணக்கிடும் கணினியே பழுது. அதை வைத்துக்கொண்டு கேப்டன் அஸ்கூயேட்டா பிரிட்டிஷ் கப்பல்கள்மீது டார்பிடோ விட்டார், எதுவும் படவில்லை. பிரிட்டிஷ் கடற்படையோ சீ கிங் ஹெலிகாப்டர்களோடு தேடித் தேடி, கேட்ட எதிரொலிக்கெல்லாம் ஆயுதம் போட்டது. அதில் திமிங்கிலங்களும் அடிபட்டன. சான் லூயிஸ் முழுசாக ஊர் திரும்பியது.

விளையாட்டில் ஆட்டம் முடிந்ததும் திரை விலகி, எது நீர்மூழ்கி, எது திமிங்கிலம் என்று காட்டிவிடும். அந்த வசதியை நான் இப்போது அணைத்துவைத்திருக்கிறேன். எதிரொலி வந்தால் டார்பிடோ போடுவதா, இன்னொரு முறை சோனாரை இறக்கிப் பார்ப்பதா என்று எரிபொருள் முள்ளைப் பார்த்தபடி தவிக்கிற அந்த நிமிஷம்தான் இந்த வேட்டையின் உயிர், அதைத் தொலைத்துவிட எனக்கு மனமில்லை.