ஐஸ் ஹாக்கி நடுவர் தேர்வு: புரட்டிவிட்டுப் போகும் பக்கங்களைப் படியுங்கள்

முடிவு வந்துவிட்டது, தேர்ச்சி. ஒன்ராறியோவில் அடுத்து நடுவர் பயிற்சிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்காகச் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

ஆஃப்சைடு, ஐசிங், பெனால்டி போன்ற ஆட்ட விதிகளை எல்லாம் எப்படியும் படித்துவிடுவீர்கள். நடுவரே அடிபட்டு விழுந்தால் என்ன செய்வது என்ற பகுதியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். மூவர் முறையில் ஒரு ரெஃபரியும் (முதன்மை நடுவர்) இரண்டு லைன்ஸ்மேன்களும் (கோட்டு நடுவர்கள்) இருப்பார்கள். ரெஃபரியால் தொடர முடியாவிட்டால் லைன்ஸ்மேன் ஒருவர் ரெஃபரியாக வேண்டும். அதனால் எந்த விதியைப் படித்தாலும், “இதைச் செய்ய வேண்டியவர் விழுந்து கிடந்தால் யார் செய்வது?” என்று கேட்டுக்கொண்டே படித்தேன். என்னைக் கரையேற்றியது இந்த ஒரு கேள்விதான்.

எனக்கு மனப்பாடம் வராது. நடந்த கதை இருந்தால்தான் விதி மனத்தில் நிற்கும். 1983 ஜனவரி 15 அன்று நியூ ஜெர்சியில் ஒரு என்எச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்) ஆட்டம். பனிப்புயலால் மற்ற நடுவர்கள் வந்துசேரவில்லை. லைன்ஸ்மேன் ரான் ஃபாய்ட் ரெஃபரியானார். நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியின் கேரி ஹோவட்டும் ஹார்ட்ஃபோர்ட் அணியின் மிக்கி வோல்கனும் லைன்ஸ்மேன்களாக நின்றார்கள். எதிரெதிர் அணி வீரர்கள்! என்எச்எல் விதியிலேயே அதற்கு இடம் உண்டு. ஆனால் விடை எழுதும்போது கனடாவின் ஹாக்கி அமைப்பான ஹாக்கி கனடாவின் விதிப்புத்தகத்தை மட்டுமே நம்புங்கள்.

காயங்களை வெறும் செய்தியாகப் படிக்காதீர்கள். 2008 பிப்ரவரியில் என்எச்எல் லைன்ஸ்மேன் பாட் டபூஸோவின் முகத்தை ஒரு வீரரின் ஸ்கேட் கிழித்தது. 2016 ஜனவரியில் இன்னொரு லைன்ஸ்மேன் டான் ஹெண்டர்சனைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளினார்கள். இருவருமே அதன்பின் களத்துக்குத் திரும்பவில்லை.

கட்டாயம் பார்க்க வேண்டியவை:

- பக் (ஆடும் ரப்பர் வட்டு) நடுவர்மேல் பட்டால் மட்டும் ஆட்டம் நிற்காது. அவர்மேல் பட்டு நேரே வலைக்குள் போனால் கோல் இல்லை.
- இருவர் முறையில் யார் எங்கே நிற்பது என்பதைத் தாளில் வரைந்து பாருங்கள். மூவரில் ஒருவர் போனால் மிஞ்சுவது இருவர்தான்.
- நடுவரின் ஹெல்மெட்டில் அரை வைசர் (முகத்தின் மேல்பாதியைக் காக்கும் ஒளிபுகும் தடுப்பு) பற்றிய பகுதி.

என்எச்எல் பிளேஆஃப் (இறுதிக்கட்டச் சுற்று) ஆட்டங்களில் மாற்று நடுவர்கள் அரங்கிலேயே காத்திருப்பார்கள். சிறுவர் ஆட்டங்களுக்கு அப்படி யாரும் வருவதில்லை. அங்கேதான் புதியவர்களான நம்மை முதலில் அனுப்புகிறார்கள், இது எனக்கு உண்மையாகவே கோபம் தருகிறது. ஆகவே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன், உடைமாற்றும் அறையில் உடன் வரும் நடுவரிடம் கேட்டுவிடுங்கள்: உங்களுக்கு அடிபட்டால் நான் எங்கே நிற்க வேண்டும், முதலுதவிக்கு யாரைக் கூப்பிட வேண்டும்?