மழைக்காலத்தில் கோழிக்கூண்டும் கொசுக்கடியும்

ஐப்பசி மழை பிடித்ததும் நாட்டுக்கோழிகளின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் மிளகளவு கொப்புளங்கள் கிளம்பும். கோழி அம்மை. இதைக் கோழிக்குக் கோழி ஏற்றிவிடுவதில் கொசுவுக்குப் பெரும் பங்கு உண்டு. கொசுவைவிடச் சிறிய இன்னொரு பூச்சியும் இருக்கிறது: கியூலிகாய்ட்ஸ். நீளம் 1 முதல் 3 மி.மீ. தான். செம்மறி ஆட்டுக்கு நீலநாக்கு நோயைப் பரப்பும் அதே வகைப் பூச்சி. இது கோழிக்குக் கொண்டுவரும் இரத்த ஒட்டுண்ணியால் கொண்டை வெளுத்து, எச்சம் பச்சையாகும். பலர் அதை வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) என்றே நினைத்துவிடுகிறார்கள்.

பகலில் கூண்டைப் பார்த்து ஒன்றும் தெரியாது. கோழிகள் அடைந்தபின், இரவு ஒன்பது மணிவாக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். கடிபடும் கோழி தூங்காது. தலையை உதறிக்கொண்டே இருக்கும், காலை மாற்றி மாற்றி வைக்கும். கொண்டையில் ஊசிமுனை அளவு காய்ந்த ரத்தப் புள்ளிகள் தெரியும்.

வலை கட்டியும் கடி நிற்கவில்லை என்றால் வலையின் கண்ணளவில்தான் கோளாறு. சாதாரணக் கொசுவலை கொசுவைத் தடுக்கும். கியூலிகாய்ட்ஸ் அதற்குள் நுழைந்துவிடும். பசுமைக்குடிலுக்கு விற்கும் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சிவலை வாங்குங்கள். ஆனால் அது காற்றையும் மறிக்கும். நாள் முழுக்கக் கட்டிவைத்தால் நம் ஊர் வெக்கையில் கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும். அதனால் சுருட்டி ஏற்றும்படி மேல் சட்டத்தில் மட்டும் அடித்து, கீழ் ஓரத்தில் ஒரு கம்பி கோத்துவிடுங்கள். மாலை ஐந்தரைக்கு, பொழுது சாயுமுன் இறக்கி, காலையில் வெயில் ஏறியதும் சுருட்டிவிட வேண்டும். இருட்டியபின் இறக்கினால் பூச்சியையும் சேர்த்து உள்ளே அடைத்ததாகிவிடும். குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பவர்கள் அதே வலையை மேலே போர்த்தி, தரையோரம் சுற்றிலும் மணல் போட்டு அமுக்கலாம்.

மின்சாரம் இருந்தால் விசிறி இன்னும் நல்லது. இந்தப் பூச்சி காற்றை எதிர்த்துப் பறக்காது. கோழி அடையும் கம்பின் உயரத்தில் மெல்லிய காற்று படும்படி வையுங்கள். வயரைக் கொத்தாதபடி பைப்புக்குள் விடுங்கள். கூண்டில் விளக்கு எரியவே கூடாது, வெளிச்சம் அவற்றை இழுக்கும்.

புகைமூட்டத்தை நம்பாதீர்கள். கோழியின் உடலுக்குள் நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. மூடிய கூண்டில் நொச்சிப் புகை போட்டால் கொசு போகுமுன் கோழிக்குச் சளி பிடிக்கும். அந்துருண்டை போடுவது அதைவிடக் கெடுதல், கொத்தித் தின்றால் நஞ்சு.

பூச்சி பிறக்கும் இடம் பெரும்பாலும் கூண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி எச்சமும் சிந்திய நீரும் குழைந்த சேற்றைப் பாருங்கள். கியூலிகாய்ட்ஸுக்கு அது போதும். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மூன்று அங்குலம் ஜல்லி கொட்டி, அதன்மேல் செங்கல் வைத்துக் கிண்ணத்தை ஏற்றுங்கள். தரையில் போட்ட நெல் உமியைக் கையில் பிடித்து இறுக்கினால் உருண்டையாக நிற்கக் கூடாது. நின்றால் அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள். மாட்டு மூத்திரத்தில் ஊறிய வைக்கோல் கடிஈக்கு வளர்ப்பிடம், அதை வாரம் ஒருமுறை அகற்றிக் காயவைக்க வேண்டும். கொட்டாங்கச்சி, டயர், உடைந்த குடம் எல்லாவற்றையும் ஐந்து நாளுக்கொருமுறை கவிழ்த்தால் கொசுப்புழு முழுசாக வளராது.

இத்தனையும் செய்தாலும் அம்மைக்குத் தடுப்பூசிதான் காப்பு. ஆறிலிருந்து எட்டு வார வயதில், மழைக்கு ஒரு மாதம் முன்பாகவே, இறக்கைச் சவ்வில் போட வேண்டும். எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் பிடிக்கும். குத்தும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், மருந்திலுள்ள உயிருள்ள கிருமி செத்துவிடும். கலக்கிய மருந்தை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் குத்திய இடத்தில் சிறு வீக்கமோ பொருக்கோ இருக்க வேண்டும். முன்பே அம்மை கண்டிராத கோழியில் அது இல்லையென்றால் மருந்து பிடிக்கவில்லை. மறுபடி போட வேண்டும்.