சரிவில் நிற்கும் வீட்டை வரைவது

இலங்கையில், மொரட்டுவையில் கட்டடக்கலை படித்துவிட்டு இப்போது கோத்தகிரியில் வாட்டர்கலர் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் திணறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஏற்ற ரோட்டோரத்து வீடு. வரைந்து முடித்துப் பார்த்தால் வீடு ரோட்டோடு வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். இதை நிறம் பூசிச் சரிக்கட்ட முடியாது.

சமவெளியில் ரோடும், அதற்கு இணையான சுவரின் கோடுகளும் தொலைவில் ஒரே புள்ளியில் சேரும். குன்னூர் மாதிரி ஊரில் சேராது. ஜன்னல், லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேலே குறுக்கே போகும் உத்திரம்), கூரை விளிம்பு எல்லாம் கொத்தனார் ரசமட்டம் வைத்துக் கட்டியவை. அவை சேரும் புள்ளி நம் கண் மட்டக் கோட்டிலேயேதான் இருக்கும். ஏறும் ரோட்டின் விளிம்புகள் அந்தப் புள்ளிக்கு நேர் மேலே சேரும். இறங்கும் ரோடு என்றால் நேர் கீழே.

கண் மட்டம் எது என்பதில்தான் குழப்பம். மலையில் அடிவானம் தெரியாது. ரோட்டின் உச்சியையே கண் மட்டமாக எடுத்துக்கொள்வார்கள். பாதி தண்ணீர் உள்ள பாட்டில் ஒன்று போதும். முகத்துக்கு எதிரே பிடித்து மெல்ல ஏற்றி இறக்குங்கள். தண்ணீரின் மேற்பரப்பு வட்டமாகத் தெரியாமல் ஒற்றைக் கோடாக ஒடுங்கும் உயரம்தான் கண் மட்டம். அது எதிர் வீட்டில் எங்கே படுகிறது என்று பாருங்கள். மேட்டைப் பார்த்து நின்றால் வாசற்படிக்கும் கீழே போய்விடும், நம்பவே மாட்டார்கள்.

அந்தக் கோட்டை 2பி பென்சிலால் முதலில் போடுங்கள். அடுத்து, கிட்டத்தில் இருக்கும் சுவர் மூலை. நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் தூக்குக்குண்டு ஆயிற்று. சரிவில் கண் செங்குத்தைத் தவறாகத்தான் சொல்லும். பிறகு லிண்டல், கூரை. ரோடு கடைசியில். தகரக் கூரையின் முகட்டைக் கண்ணால் குறிக்கக் கூடாது. கூரையின் முக்கோணத்துக்குக் கீழுள்ள சுவருக்கு இரண்டு மூலைவிட்டம் போட்டு, அவை வெட்டும் இடத்திலிருந்து நேரே மேலே போனால் முகடு. அஸ்திவாரக் கல்கட்டு மேட்டுப் பக்கம் ஓரடி, பள்ளத்துப் பக்கம் நாலைந்து அடி என்று ஆப்பு வடிவில் தெரியும். அதை விட்டுவிட்டால் வீடு தரையில் உட்காராது.

இனி பெயின்ட். மூடுபனி இறங்கிவிட்டால் வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய நிறப் பூச்சு) காயவே காயாது. காய்ந்துவிட்டது என்று நினைத்து ஈரத் தூரிகையை வைத்தால் நிறம் ஒதுங்கி, பூக்கோசு விளிம்பாகக் கறை விழும். விரலின் புறத்தால் தொடுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். ஜனவரி வெயிலில் இதற்கு நேர்மாறு, பாதி வானம் பூசுவதற்குள் விளிம்பு காய்ந்துவிடும். அப்போது முதலில் பேப்பரை வெறும் தண்ணீரால் நனைத்துக்கொள்ள வேண்டும்.

பேப்பர் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தி. முழுத் தாளை (22 × 30 அங்குலம்) நாலாக வெட்டினால் வெளியில் வைத்து வரையத் தோதான அளவு. மழைக்காலத்தில் திறந்து வைத்த பேப்பரில் பூஞ்சை பிடித்துப் பசைப்பூச்சு போய்விடும். கண்ணுக்குத் தெரியாது, பெயின்ட் பட்டதும் புள்ளி புள்ளியாக உறிஞ்சும். மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். உடனே உள்ளே இறங்கினால் அந்தத் தாளைப் பென்சில் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். மீதியை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.